வெண்மை பரவும் வரை: காளான் வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்வி–பதில்

மழைக்காலம் தொடங்கியது முதல் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் காளான் வளர்ப்பதைப் பற்றியே கேட்கின்றன. நம் மியான்மரின் யாங்கோன் அடுக்குமாடிகளிலும் பெகு, மோல்மீன் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் நம்மவர்கள் ஆர்வத்துடன் இதில் இறங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. வந்த கடிதங்களுள், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டு, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

யாங்கோன், தாமுவேயிலிருந்து ஒரு வாசகி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வீட்டின் பின்கட்டில் மூன்று வைக்கோல் பைகளில் சிப்பிக் காளான் வித்திட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். 12 நாள்களாகியும் பாதி வரைதான் வெண்மை பரவியிருக்கிறது. பெகுவில் என் நாத்தனார் வைத்த பைகளோ 15ஆம் நாளிலேயே முழுவதும் வெளுத்துவிட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்று நாள்தோறும் வாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கட்டிவிடுகிறேன். இவற்றை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

எறிய வேண்டாம், சகோதரி. 12 நாள்களில் பாதிப் பை வெளுத்திருப்பது நல்ல வளர்ச்சிதான். வைக்கோலில் சிப்பிக் காளானின் பூசண இழை, அதாவது நீங்கள் காணும் அந்த வெண்மை, முழுவதுமாகப் பரவுவதற்குப் பொதுவாக 15 முதல் 25 நாள்கள் வரை ஆகும். பையின் பருமன், இட்ட வித்தின் (இழை படர்ந்த தானியத்தின்) அளவு, அந்த வித்தின் வயது, அறையின் வெப்பம் ஆகியவை சேர்ந்துதான் அந்த நாள்களைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. உங்கள் நாத்தனார் ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 100 கிராம் வித்து இட்டு, நீங்கள் அதில் பாதியை மட்டும் இட்டிருந்தால், உங்கள் பையில் இழைகள் கடக்க வேண்டிய தொலைவு அதிகம். ஆகவே நாள்களும் அதிகமாகும். ஒரே நாளில் வைத்த இரண்டு வீட்டுப் பைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையற்ற கவலையை மட்டுமே வளர்க்கும்.

ஆனால் பையின் வாயை நாள்தோறும் அவிழ்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். உறை ஊற்றிய பாலைக் கிளறிக்கொண்டே இருந்தால் தயிர் எப்படித் தோயாதோ, அப்படித்தான் இதுவும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வைக்கோலை ஒரே கட்டியாகப் பிணைக்கும் இந்தப் பருவத்தில் அவற்றுக்கு வெளிக் காற்று அதிகம் தேவையில்லை. தாமே வெளிவிடும் கரியமில வாயு நிறைந்த சூழலில்கூட அவை தடையின்றிப் பரவும். வெளிச்சமும் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் உள்ளேயுள்ள ஈரம் வெளியேறுகிறது. மழைக்காலக் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் உள்ளே நுழைகின்றன. அந்த வாசனைக்குச் சிறு ஈக்களும் வந்து சேர்கின்றன. இழைகள் இன்னும் சென்றடையாத பாதி வைக்கோல் யார் முதலில் வந்தாலும் அவர்களுக்கே இடம் கொடுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வெண்மை எங்கே முடிகிறதோ அங்கே, பையின் வெளிப்புறத்தில், அழியாத மையுள்ள பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். மூன்று நாள்கள் கழித்து அடுத்த கோட்டைப் போடுங்கள். கோடு நகர்ந்துகொண்டிருக்கும் வரை, எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், அந்தப் பைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு வாரம் முழுவதும் கோடு அசையாமல் நின்றுவிட்டால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

அப்படி நின்றுபோவதற்கு, நம் ஊரில் பெரும்பாலும் வெப்பமே காரணமாக இருக்கும். சிப்பிக் காளானின் இழைகள் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் நன்றாகப் பரவும். 35 பாகையைத் தாண்டினால் அவை சோர்ந்துபோகும்; 40 பாகையை நெருங்கினால் மடியத் தொடங்கும். இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு: வளரும் இழைகள் தாமும் வெப்பத்தை வெளியிடுவதால், பையின் நடுப்பகுதி அறையைவிடச் சில பாகை கூடுதலான சூட்டில் இருக்கும். ஆகவே அறையின் வெப்பமானி 32 பாகை என்று காட்டும்போதே பையின் உட்பகுதி அபாயக் கோட்டைத் தொட்டிருக்கலாம். தகரக் கூரைக்கு நேர் கீழேயோ சமையலறை அடுப்புச் சுவருக்கு அருகிலோ தொங்கவிட்டிருந்தால் உடனே இடம் மாற்றுங்கள். பைகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இரண்டு பைகளுக்கு நடுவே ஒரு சிறிய வெப்பமானியைத் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

பையின் உட்புறத்தில் மஞ்சள் நிறத் துளிகள் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். அது இழைகளே கசியும் நீர். மிகுதியாகக் கசிந்தால் மட்டும் வெப்பத்தைக் கவனியுங்கள். பஞ்சு போன்ற வெண்மை எந்த வடிவில் தெரிந்தாலும் பெரும்பாலும் நலமே. பச்சை, கறுப்பு, அழுகிய புளிப்பு நாற்றம், வழவழப்பு ஆகியவையே தீய அறிகுறிகள்.

பெகுவிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, நான்கு பைகளில் இரண்டில் பச்சைத் திட்டுகள் வந்துவிட்டன. வித்துக் கெட்டுப்போனதுதான் காரணம் என்று விற்றவரிடம் கேட்டேன். அவர் வைக்கோலில்தான் குறை என்கிறார். மருந்து ஏதேனும் தெளிக்கலாமா?

ஒரே வித்தை நான்கு பைகளுக்கும் இட்டு, இரண்டு பைகள் மட்டும் கெட்டிருக்கின்றன என்பதால், வைக்கோல் பதப்படுத்தலையே முதலில் ஐயுறுகிறேன். அந்தப் பச்சை டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சையாக இருக்க வேண்டும். அது காளானின் உணவைப் பறிப்பதோடு நில்லாமல், காளான் இழைகளையே தாக்கி உண்ணக்கூடியது.

நம் நாட்டில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. காளானுக்கு ஏற்ற ஈரக் காற்று நமக்குக் கிடைப்பது மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை; ஆனால் பெரும்போக நெல்லின் புதிய வைக்கோல் கிடைப்பதோ நவம்பருக்குப் பிறகு. எனவே ஆடியிலும் ஆவணியிலும் நாம் வாங்குவது பல மாதங்கள் போரில் கிடந்த வைக்கோல். அது மழையில் நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைந்திருந்தால், நீங்கள் வித்திடுவதற்கு முன்பே அதில் வேறு பூஞ்சைகள் குடியேறியிருக்கும். பொன்னிறம் மாறாத, மக்கிய வாடை இல்லாத, கையால் இழுத்தால் எளிதில் அறுந்துவிடாத வைக்கோலையே தேர்ந்தெடுங்கள். முடிந்தால் அடுத்த தை மாதமே தேவையானதை வாங்கி, கூரையடியில் மரப்பலகையின் மேல் ஈரம் படாமல் அடுக்கிவையுங்கள். காளான் வளர்ப்பில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் பொறுமை இதுதான்: ஆறு மாதம் முன்னதாக வைக்கோலைத் தேடிவைக்கும் பொறுமை.

பதப்படுத்தும்போது, வைக்கோலை இரண்டு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் தூய நீரில் ஊறவைத்து, பிறகு கொதிநீரில் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். மேலே மிதக்கும் வைக்கோல் வேகாது. ஆகவே ஒரு தட்டையோ கல்லையோ வைத்து அழுத்துங்கள். உங்கள் பைகளில் இரண்டு மட்டும் கெட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விறகோ எரிவாயுவோ செலவாகிறது என்று நினைப்பவர்கள் வேறொரு முறையைக் கையாளலாம்: நீர்த்த சுண்ணாம்புத் தூளை லிட்டருக்கு 2 கிராமுக்குக் குறையாமல் தண்ணீரில் கலக்கி, அதில் வைக்கோலை 12 முதல் 18 மணி நேரம் வரை மூழ்கவைத்து வடிக்கலாம். அந்த நீரின் கடுங்காரம் பெரும்பாலான பூஞ்சைகளை ஒடுக்கிவிடும். ஆனால் அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் கையுறை அணியாமல் தொடக் கூடாது, குழந்தைகள் அருகில் வரவும் கூடாது.

வெந்த வைக்கோலைச் சூட்டோடு பையில் அடைப்பதும், நீர் சொட்டச் சொட்ட அடைப்பதும் அவசரத்தால் நேரும் தவறுகள். சுத்தமான பாயில் பரப்பி ஆறவிட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. நூலாக ஒழுகினால் இன்னும் உலர வேண்டும். ஈரம் மிகுந்த பையின் அடியில் நீர் தேங்கி, காற்றுப் புகாமல், முதலில் கெடுவது அந்தப் பகுதியே.

மருந்தைப் பற்றி: வைக்கோலை கார்பென்டசிம், ஃபார்மலின் ஆகிய இரண்டும் கலந்த நீரில் ஊறவைக்கும் முறை பண்ணைகளில் உண்டு. வீட்டில், அதிலும் சமையலறைக்குப் பக்கத்தில், உண்பதற்காக வளர்க்கும் பொருளுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வெந்நீரும் சுண்ணாம்பும் செய்ய முடியாத எதையும் நான்கு பைகள் வைத்திருக்கும் நீங்கள் செய்யத் தேவையில்லை. கெட்ட பைகளை வீட்டுக்குள் திறக்காமல், அப்படியே வெளியே கொண்டுபோய்க் குழியில் புதைத்துவிடுங்கள். பிறகு குளித்து உடை மாற்றிக்கொண்டு மற்ற இரண்டு பைகளிடம் செல்லுங்கள்.

மோல்மீன் அருகிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, எங்கள் பகுதியில் ரப்பர் மரத்தூள் எளிதாகக் கிடைப்பதால் அதையே பயன்படுத்தினேன். பைகள் முழுவதும் வெளுத்து ஒரு மாதமாகிறது. பொறுமையாகத்தான் காத்திருந்தேன். கடைசியில் வந்த காளான்களோ, குடை பெரிதாகாமல், நீண்ட காம்புகளாக மட்டும் வந்திருக்கின்றன. பூச்சி வரக் கூடாது என்று அறையை முற்றிலும் மூடியே வைத்திருக்கிறேன்.

ரப்பர் மரத்தூள் நல்ல தேர்வு. வைக்கோலைவிட அதில் இழை பரவச் சற்று அதிக நாள் பிடிக்கும். அந்தக் காத்திருப்பில் தவறில்லை. தவறு அதற்குப் பிறகு நேர்ந்தது. பை முழுவதும் வெளுத்த அன்றே உங்கள் காத்திருப்பு முடிந்து, வேலை தொடங்கிவிட்டது.

இழை பரவும் பருவமும் காளான் முளைக்கும் பருவமும் நேர் எதிரான சூழலை வேண்டுபவை. முன்னதற்கு மூடிய பையும் இருட்டும் நல்லது. பின்னதற்குத் தூய காற்றும், வெளிச்சமும், சற்றுக் குறைந்த வெப்பமும், மிகுந்த காற்று ஈரமும் வேண்டும். இந்த மாற்றத்தைத்தான் பூசண இழை, மரத்துக்குள்ளிருந்து மேற்பரப்பை அடைந்துவிட்டோம் என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. சூழல் மாறாவிட்டால் அது மொட்டு விடாது. விட்டாலும் அந்த மொட்டு காற்றைத் தேடிக் காம்பை மட்டுமே நீட்டிக்கொண்டு போகும். நீண்ட காம்பும் சிறிய குடையும் அறையில் கரியமில வாயு தேங்கியிருப்பதையே காட்டுகின்றன. வெளிச்சக் குறைவும் இதே விளைவைத் தருவதுண்டு.

காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். பூச்சிக்கு அஞ்சினால் சன்னலுக்கு நெருக்கமான கண்ணியுள்ள வலையை அடியுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண்ணிகள் வழியாகக் காளான் ஈக்கள் புகுந்துவிடும். செய்தித்தாளைச் சிரமமின்றிப் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும். நேரடி வெயில் படக் கூடாது. காற்றின் ஈரம் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலிருக்க, தரையில் மணல் பரப்பி நனைத்து, சன்னலில் ஈரக் கோணியைத் தொங்கவிடுங்கள். மோல்மீனில் ஆடி மாதத்தில் இதற்குக்கூடத் தேவை இருக்காது. வானமே அதைச் செய்துவிடுகிறது. மழை ஓய்ந்து வடக்கிலிருந்து உலர்ந்த காற்று வீசத் தொடங்கும் கார்த்திகைக்குப் பிறகுதான் கோணியை நாளுக்கு மூன்று நான்கு முறை நனைக்க வேண்டிவரும்.

கடுகளவு மொட்டுகள் தோன்றியதும் அவற்றின் மேல் நேராகத் தண்ணீரை அடிக்காதீர்கள். பனிபோன்ற நுண்துளிகளைச் சுவரிலும் தரையிலும் காற்றிலும் தெளித்தால் போதும். குடையின் மேல் நீர் மணிக்கணக்கில் தேங்கி நின்றால், பாக்டீரியாத் தாக்குதலால் மஞ்சளும் பழுப்புமான புள்ளிகள் படரும். மறுபுறம், மின்விசிறியை நேராகத் திருப்பிவைத்தால் மொட்டுகள் கருகி உதிரும். காற்று மாற வேண்டும், ஆனால் மொட்டின் மேல் மோதக் கூடாது.

இந்தக் கட்டத்தில் நாள் கணக்கு உதவாது, மணிக் கணக்குத்தான். மொட்டு தெரிந்த நான்கைந்து நாள்களுக்குள் அறுவடை வந்துவிடும். அந்த நாள்களில் ஒரு பிற்பகல் அறையைக் கவனிக்காமல் விட்டாலும் ஒரு முழு விளைச்சல் காய்ந்துபோகலாம். முதல் பருவத்தில் விலகி நிற்பவரும் இரண்டாம் பருவத்தில் விலகாமல் நிற்பவருமே நல்ல விளைச்சலைக் காண்கிறார்கள்.

மாண்டலேயிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர்க் கோடையில் எந்தக் காளான் வளரும்? வித்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காக்கலாமா?

சித்திரை வெயிலில் சிப்பிக் காளானை வளர்க்க முயல வேண்டாம். உழைப்பும் பணமும் வீணாகும். அப்போது உங்களுக்கு உகந்தவை பால் காளானும் வைக்கோல் காளானும். பால் காளான் 1974இல் மேற்கு வங்காளத்திலிருந்து அறிவியலுலகுக்கு அறிமுகமானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்னும் அதன் இரகத்தை வெளியிட்ட பிறகு, வெப்பமான ஊர்களிலும் காளான் வளர்க்கலாம் என்ற நம்பிக்கை பரவியது. 30 முதல் 35 பாகை வரை அது தயங்காமல் வளரும். வித்துப் பரவி முடிந்ததும் பையின் வாயைத் திறந்து, ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை ஒரு விரல் கனத்துக்கு மேலே மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் மூடிய பிறகு பத்து நாள்கள் வரை எதுவும் தெரியாது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் உள்ளே பின்னிக்கொண்டிருக்கும் இழைகள் அறுந்து, அதுவரையிலான காத்திருப்பு வீணாகிவிடும். மாண்டலேயின் உலர்ந்த காற்றில் ஈரத்தைக் காப்பதே உங்கள் பெரிய வேலையாக இருக்கும். வீட்டின் வடக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், குளியலறைக்கு அருகில் இடம் பாருங்கள்.

வைக்கோல் காளான் எல்லாவற்றையும்விட விரைவானது. வித்திட்ட இரண்டு வாரத்துக்குள் மொட்டைப் பறிக்கலாம். ஆனால் விளைச்சல் சிப்பிக் காளானைவிட மிகக் குறைவு. அதன் வித்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. சிப்பிக் காளான் போன்ற பலவற்றின் இழைகள் குளிரில் உறங்கும். வைக்கோல் காளானின் இழைகளோ 4 பாகைக் குளிரில் இறந்துவிடும். பறித்த காளானும் அப்படியே, குளிரில் வைத்தால் நீராகக் கசிந்துபோகும். அன்றே சமைத்துவிடுங்கள்.

மேமியோ, தௌஞ்சி முதலிய மலையூர்களிலிருந்து எழுதியவர்களுக்கும் ஒரு சொல்: உங்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி சிப்பிக் காளானுக்கு உரியது. குளிர்காலத்தில் மட்டும் இழை பரவ ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும் கலங்க வேண்டாம்.

பியாப்போனிலிருந்து ஒரு வாசகர்: மழைக்குப் பின் புற்றுகளில் முளைக்கும் காளானின் சுவை வேறெதற்கும் இல்லை. அதை வீட்டில் வளர்க்க வித்துக் கிடைக்குமா?

கிடைக்காது. அந்தக் காளான் கறையான்களோடு சேர்ந்தே வாழ்கிறது. கறையான்கள் தாம் கொணரும் காய்ந்த இலை, மரத்துகள்களைக் கொண்டு புற்றுக்குள் படுக்கை அமைத்து அந்தப் பூஞ்சையைப் பேணுகின்றன. அந்தக் கூட்டுறவைப் பையில் உருவாக்கி விளைச்சல் எடுக்கும் முறை நடைமுறையில் இல்லை. யாரேனும் வித்து என்று விற்றால் வாங்க வேண்டாம். இதையொட்டி இன்னொன்றையும் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பையில் நீங்கள் விதைத்ததல்லாத வேறு காளான் முளைத்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உண்ணாதீர்கள். வைக்கோலில் மெலிந்த காம்போடு தோன்றி ஒரே நாளில் மையாகக் கரையும் குடைக் காளான் அடிக்கடி வரும். அது பதப்படுத்தல் போதவில்லை என்பதற்கான அறிகுறி.

தட்டோனிலிருந்து ஒரு வாசகி: முதல் அறுவடை நன்றாக வந்தது. இன்னும் பெரிதாகட்டும் என்று சிலவற்றை விட்டுவைத்தேன். விளிம்பு மேல்நோக்கி விரிந்து, தரையெல்லாம் வெண்ணிறத் தூள் படிந்தது. மாமனாருக்கு இருமலும் வருகிறது. இரண்டாம் முறை காளான் வருவதற்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

அந்தத் தூள் காளானின் வித்துத் தூள். சிப்பிக் காளான் அதை மிகுதியாக உதிர்க்கும்; தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமலும், மூச்சுத் திணறலும், சிலருக்குக் காய்ச்சலும் ஏற்படலாம். பெரியவரை அந்த அறைக்குள் விடாதீர்கள். இருமல் நீடித்தால் மருத்துவரிடம் காளான் வளர்ப்பைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்; அப்போது நீங்களும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இனிமேல், குடையின் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும்போதே, அது தட்டையாவதற்கு முன், கொத்து முழுவதையும் அடியோடு முறுக்கி எடுத்துவிடுங்கள். சிறியவற்றை விட்டுவைத்துப் பெரியவற்றை மட்டும் பறித்தால், அசைவில் வேர்ப்பிடிப்பு தளர்ந்து மீதமுள்ளவை வாடும். அவை அழுகினால் ஈக்கள் முட்டையிடும். அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் துண்டுகளையும் சுரண்டி நீக்குங்கள்.

அதன்பின் இரண்டு மூன்று நாள்கள் தண்ணீர் தெளிப்பைக் குறைத்துப் பைக்கு ஓய்வு கொடுங்கள். மீண்டும் ஈரம் காட்டத் தொடங்கினால், 7 முதல் 10 நாள்களில் இரண்டாம் முறை மொட்டு விடும். முதல் அறுவடையைவிட அது குறைவாகவே இருக்கும். மூன்றாவது அதனினும் குறைவு. ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலிலிருந்து மூன்று அறுவடைகளையும் சேர்த்து முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை புதிய காளான் கிடைத்தால் தொடக்கக்காரருக்கு அது நல்ல விளைச்சலே. மூன்றாவதற்குப் பிறகு பை எடை குறைந்து, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். அதற்கு மேலும் ஒரு முறை வருமா என்று அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பழைய பையில்தான் ஈயும் பச்சைப் பூஞ்சையும் பெருகிப் புதிய பைகளுக்குத் தாவும். அதைப் பிரித்து, பிளாஸ்டிக்கை நீக்கி, வைக்கோலை எருக்குழியில் இட்டு மக்கவிட்டால், வரும் கார்த்திகையில் உங்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடலாம். புதிய பைகளைத் தொங்கவிடுவதற்கு முன் அறையைச் சுண்ணாம்பு நீரால் கழுவி, ஒரு வாரம் சன்னல்களைத் திறந்து காயவிடுங்கள்.